சலவை இயந்திரம் துணியைப் பிழிவது எப்படி?

கேள்வி: சலவை இயந்திரம் சுழன்று துணியைப் பிழியும்போது, நீரை வெளியே தள்ளுவது மையவிலக்கு விசைதானே?

பதில்: வெளியே நின்று பார்க்கும் நமக்கு, நீரை வெளிப்புறமாகத் தள்ளும் விசை எதுவும் அங்கே இல்லை. ஒரு பொருள் வட்டப் பாதையில் செல்ல வேண்டுமானால், அதை இடைவிடாமல் மையத்தை நோக்கி இழுக்கவோ தள்ளவோ ஒரு விசை தேவை. துணிக்கு அந்த மையநோக்கு விசையை உருளையின் சுவர் தருகிறது. சுவரின் துளைகளுக்கு நேராக இருக்கும் நீரையோ, இழைகளோடு அது ஒட்டியிருக்கும் பிடிப்பு மட்டுமே வளைத்துச் செல்ல முடியும். வேகம் கூடும்போது அந்தப் பிடிப்பு போதாமல் போவதால், நீர்த்துளி வட்டத்தை விட்டு விலகித் தொடுகோட்டின் திசையில் நேராகப் பறந்துவிடுகிறது.

தேவைப்படும் விசையும் சிறியதன்று. 25 செ.மீ. ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றால், விளிம்பில் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 400 மடங்காகும். முடுக்கம் சுழல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் அது 400 மடங்கிலிருந்து 100 மடங்காகக் குறையும். (துணியில் தங்கும் ஈரம் இதே கணக்கில் மாறும் என்று கருத வேண்டாம், இழைக்குள் ஊறிய நீர் எளிதில் அசையாது.)

உருளையோடு சேர்ந்து சுழலும் ஒருவர் கணக்கிட்டால் மட்டுமே, மையவிலக்கு விசை என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ள நேரும்.