கோல் விழுந்த பிறகு ஏன் இவ்வளவு நேரக் காத்திருப்பு?

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தவறாமல் டிவியில் பார்ப்பவன் நான். கோல் போட்டுக் கொண்டாடி முடித்த பிறகு, வி.ஏ.ஆர். (வீடியோ உதவி நடுவர்) என்று நிமிடக்கணக்கில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? போன நேரம் திரும்பக் கிடைக்குமா? ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி போட்டால் என்ன?

பதில்: நேரம் கிடைக்கும். வீடியோ பரிசோதனையில் போன நேரத்தை அந்தப் பாதியின் முடிவில் கூட்டித்தர வேண்டும் என்று ஆட்ட விதி 7 சொல்கிறது.

காத்திருப்புக்குப் பல நேரம் காரணம் ஆஃப்சைடுதான்; அதாவது, சக வீரர் பந்தை அனுப்பும் கணத்தில் தாக்குபவர் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது. பந்தைக் கால் முதலில் தொடும் காட்சியை நிறுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் தாக்குபவரின் உடலில் கோல் கோட்டுக்கு மிக அருகில் இருப்பது தோளா முழங்காலா என்று பார்த்துக் கோடு போட வேண்டும். தடுப்பவருக்கும் அதே வேலை. பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றால் கால் யாருடையது என்பதே தெரியாது. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்றில் போர்ன்மத் அணி, வுல்வ்ஸ் அணியை எதிர்த்து அடித்த கோல் ஒன்றுக்கு ஏறக்குறைய 8 நிமிடம் ஆனது. கேமராக்களும் கணினியும் கோட்டைப் போட்டுத்தரும் அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறையை அந்தச் சுற்றில்தான் இங்கிலாந்தில் முதலில் இறக்கியிருந்தார்கள். வீரர்கள் நெருக்கியடித்து நின்றதில் அது கைகொடுக்காமல், கையால் கோடு போட வேண்டியதாயிற்று. 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியதால், உதைத்த கணத்தைத் தேடும் வேலையே மிச்சமானது. தாமதம் குறைய இந்த வழிதான் சரி என்பேன்.

நேர வரம்பு வேண்டாம். வேகத்தைவிடச் சரியான முடிவே முக்கியம் என்று விதிமுறையே வரம்பு வைக்காமல் விட்டிருக்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். களத்தில் ஆஃப்சைடு கொடுத்திருந்தார்கள். வீடியோ அறையில் இருந்தவரோ களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்து, பரிசோதனை முடிந்தது என்று சட்டென்று சொல்லிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் திருத்த வழியில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. இன்னும் அரை நிமிடம் எடுத்து, களத்தில் என்ன முடிவு என்று கேட்டிருந்தால் அந்த அநியாயம் நடந்திருக்காது.

டிவி முன்னால் இருக்கும்போது நடுவரின் கையைக் கவனியுங்கள். காதைத் தொட்டு நின்றால் அறையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், முடிவு மாறாமலும் போகலாம். விரலால் காற்றில் சதுரம் வரைந்துவிட்டு ஓரத்துத் திரைக்குப் போனால், பெரும்பாலும் முதல் முடிவு மாறப்போகிறது. ஆஃப்சைடு கோட்டுக்குப் பொதுவாக அவர் திரைக்குப் போவதில்லை. கொடி தாமதமாக உயர்வதும் வேண்டுமென்றே செய்வதுதான்: நூலிழை ஆஃப்சைடில் உதவி நடுவர் உடனே கொடி தூக்கினால், நல்ல கோல் ஒன்று பாதியிலேயே நின்றுவிடும்.

உண்மையில் என்னை உறுத்துவது மைதானத்தில் இருக்கும் ரசிகர்களின் நிலைமை. உங்களுக்காவது வர்ணனையாளர் சொல்கிறார். காசு கொடுத்து உள்ளே போனவர் பல இடங்களில் விவரம் தெரியாமல் நிற்கிறார். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே மைக்கில் முடிவையும் காரணத்தையும் அறிவித்தார். எல்லா லீகிலும் இது கட்டாயமாக வேண்டும்.