பழைய விசைப்படகின் உள்ளே ஒளிந்திருக்கும் பழுது: கேள்வி பதில்

கண்ணாடி இழைப் படகுகளின் உட்கட்டமைப்புப் பழுதுகளைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேற்பட்டவை எங்கே தொடங்கினாலும் "படகைக் கட்டிய கம்பெனியைப் பிடிக்கலாமா?" என்றுதான் முடிகின்றன. சில நேரம் பிடிக்கலாம். பல நேரம் கடிதம் எழுதும் கூலிகூடத் தேறாது. எது எந்த வகை என்பதைப் படகைத் திறந்து பார்க்கும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.

கேள்வி: ஐயா, 22 அடி படகு, வயது 18. வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வெளியே மாட்டிய இன்ஜினைத் தூக்கும்போது டிரான்ஸம் லேசாக உள்வாங்குவதுபோல் தெரிகிறது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. பின்பக்கச் சுவரான டிரான்ஸம் ஒரே பொருளால் ஆனதன்று. இரண்டு கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பிளைவுட் வைத்து ஒட்டியிருப்பார்கள். தோல் மக்காது, அதன் மேற்பூச்சான ஜெல்கோட்டும் பளபளப்பாகவே இருக்கும். நடுவில் இருக்கும் மரம் மட்டும் சத்தமில்லாமல் மக்கிக்கொண்டிருக்கும்.

இன்ஜினைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, கீழ்ப்பகுதியைப் பிடித்து ஒருவர் மேலும் கீழும் அழுத்தட்டும். நீங்கள் டிரான்ஸத்தின் மேல்விளிம்பில் கண்வைத்துப் பாருங்கள். இன்ஜின் தாங்கியைச் சுற்றிச் சுவர் அசைந்தால் உள்ளே பலமில்லை. அடுத்து, பிளாஸ்டிக் தலை கொண்ட சுத்தியலால் சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இடம் கணீரென்று பேசும், கெட்ட இடம் தொப்பென்று அடங்கிப்போகும்.

சந்தேகம் உறுதியாக வேண்டுமென்றால் உட்புறத்திலிருந்து, அடிமட்டத்துக்கு அருகில், 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வெளித்தோலைத் தொட்டுவிடாதீர்கள். துரப்பணத்தோடு வெளிறிய, உலர்ந்த சுருள் வந்தால் நிம்மதி. காப்பித்தூள் நிறத்தில் ஈரச்சேறும் புளித்த வாடையும் வந்தால் அடுத்த கேள்விகளையும் படித்துவிடுங்கள். அந்தச் சேற்றை வீசிவிடாமல் ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

கேள்வி: ஈரமானியை வைத்தாலே போதாதா? எதற்குத் துளை?

பதில்: ஈரமானி சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. பின்னால் ஒரு உலோகத் தகடு இருந்தாலும், உலோகத்தூள் கலந்த பெயின்ட் இருந்தாலும் முள் எகிறும். படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிய அன்றைக்கே அளந்தாலும் அப்படித்தான். பல இடங்களில் அளந்து, அளவு எங்கே கூடுகிறது என்று வரைபடம்போல் குறித்துக்கொள்ள மட்டும் அது உதவும்.

கேள்வி: கரையில் தார்பாயால் மூடியே வைத்திருந்த படகு. உள்ளே தண்ணீர் எப்படிப் போயிருக்கும்?

பதில்: திருகு வழியாக. ஏணி, ஆழமானியின் சென்சார், நீச்சல் மேடை, வடிகால் அடைப்பான் என்று டிரான்ஸத்தில் திருகப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு வாசல். சீலன்ட் சில ஆண்டுகளில் இறுகி விரிசல் விடும். தார்பாய்க்குள் படகு மூக்கைத் தூக்கி நின்றால் சேரும் மழைநீர் முழுவதும் பின்னால் வந்து நிற்கும்.

எந்த வாசலை யார் திறந்தார்கள் என்பது இங்கே முக்கியம். முந்தைய உரிமையாளர் சென்சாருக்குப் போட்ட துளையைச் சுற்றி மட்டும் மரம் மக்கியிருந்தால் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழிற்சாலையிலேயே போட்ட வடிகால் துளையில் பிளைவுட்டின் வெட்டுமுனைக்கு ஒரு பூச்சு ரெசின்கூட (இழையை இறுக்கும் பிசின்) தடவாமல் பித்தளைக் குழாயைச் செருகியிருந்தால் அது கட்டியவர் வேலை. பழைய படகுகளில் இது ஒன்றும் அபூர்வமில்லை. குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து, துளையின் சுவரைப் பாருங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே ரெசின் இல்லை என்று பொருள்.

கேள்வி: தரையை வெட்டித் திறந்தேன். அடிக்கு வலுவூட்ட நெடுக்கே ஓடும் சட்டமான ஸ்ட்ரிங்கரைக் கையால் இழுத்தபோது கண்ணாடி இழை நாடாபோல் உரிந்து வந்துவிட்டது. மரம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. இது வயதால் வந்ததா, கட்டும்போதே வந்ததா?

பதில்: அருமையான கேள்வி. உரிந்து வந்த நாடாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே எழுதியிருக்கும்.

அது வழவழப்பாக, படகு உடலின் உட்பரப்பை அச்செடுத்ததுபோல் இருந்தால் அந்த ஒட்டு என்றுமே பிடிக்கவில்லை. உடல் வார்த்துக் காய்ந்த பிறகுதான் ஸ்ட்ரிங்கரை வைத்து, மேலே இழை போட்டு ஒட்டுவார்கள். இடையில் நாட்கள் ஓடியிருந்தால், அல்லது மெழுகும் தூசியும் படிந்திருந்தால், பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிய பிறகே ஒட்ட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் புதிய ரெசின் மேலே காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான். மாறாக, இழைகள் பிய்ந்து, உடலின் தோலில் கொஞ்சம் மிச்சம் ஒட்டியிருந்தால் ஒட்டு நன்றாகவே இருந்திருக்கிறது. அலையில் அடிவாங்கியோ, டிரெய்லரின் தாங்குகட்டை தவறான இடத்தில் முட்டியோ கிழிந்திருக்கலாம்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. இழை கண்ணாடிபோலத் தெளியாமல் வெள்ளை வெளேரென்று வறண்டிருந்தால் ரெசின் ஊறவில்லை. ஸ்ட்ரிங்கருக்கும் உடலுக்கும் இடையே விரல் நுழையும் வெற்றிடம் இருந்து, அதை மறைத்தாற்போல் மேலே ஒரே ஓர் அடுக்கு இழை ஓடினால், அது வயதால் வந்ததன்று. மரத்துக்கு வயதாகும், வெற்றிடத்துக்கு ஆகாது.

இப்போது தயவுசெய்து கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுப் படமெடுங்கள். முதல் படத்தில் உடலின் அடையாள எண் தெரியட்டும். அடுத்தடுத்த படங்களில் பழுதின் பக்கத்தில் ஓர் அளவுகோல் கிடக்கட்டும். உள்ளங்கையளவு துண்டு ஒன்றை வெட்டி எடுத்து வையுங்கள். கம்பெனியோடு மோதும் எண்ணமிருந்தால் படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை இந்த நிலையிலேயே வரவழையுங்கள். எல்லாவற்றையும் அரைத்துத் துடைத்த பிறகு கூப்பிட்டால் அவர் தூசியைத்தான் பார்ப்பார்.

கேள்வி: அந்த அடையாள எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

பதில்: அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் 12 எழுத்துகள் கொண்ட இந்த எண் கட்டாயம். வழக்கமாக டிரான்ஸத்தின் வலப்பக்க மேல்மூலையில் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரைக் குறிக்கும். 1984 ஆகஸ்டுக்குப் பிந்தைய படகுகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. மற்ற நாடுகளில் இதே முறைக்கு முன்னால் நாட்டுக்குறி சேரும். கம்பெனிக்கு எழுதும்போதும், திரும்ப அழைக்கப்பட்ட படகுகளின் பட்டியலைப் பார்க்கும்போதும் இந்த எண் இல்லாமல் ஒரு அடி நகராது.

கேள்வி: நேராகக் கேட்கிறேன். கட்டும்போதே குறை என்று நிரூபித்துவிட்டால் கம்பெனி பணம் தரவேண்டுமா, வேண்டாமா?

பதில்: படகு எந்த நாட்டில் விற்கப்பட்டது, வயதென்ன, யாருக்கு என்ன சேதம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கச் சட்டப்படி, ஆட்களுக்குப் பெரிய அபாயம் விளைவிக்கும் குறை தெரியவந்தால் உற்பத்தியாளர் உரிமையாளர்களுக்குத் தெரிவித்துத் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இந்தக் கடமை 10 ஆண்டுகள் வரைதான். குறையைக் கடலோரக் காவல்படைக்கு யாரும் தெரிவிக்கலாம். ஒரே மாடலில் பலரிடமிருந்து புகார் போனால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

பத்தாண்டு தாண்டிவிட்டால்? "ஆபத்தான பொருளை விற்றார்கள், நஷ்ட ஈடு வேண்டும்" என்று வழக்குப் போடலாமே என்பார்கள். அங்கே 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கதவை மூடிவைத்திருக்கிறது. பெரிய எண்ணெய்க் கப்பல்களின் டர்பைன்கள் பழுதான ஈஸ்ட் ரிவர் வழக்கு அது. ஒரு பொருள் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டால், வேறு ஆளுக்கோ உடைமைக்கோ சேதமில்லையென்றால், கடல்சார் சட்டத்தில் தயாரிப்பாளர் மீது தீங்கியல் வழக்கு (ஒப்பந்தம் இல்லாமலே தீங்குக்கு ஈடு கேட்கும் வழக்கு) நிற்காது, ஒப்பந்தத்தையும் வாரண்டியையும் பார்த்துக்கொள் என்று தீர்ப்பானது. டிரான்ஸம் மக்கியது என்பது படகு தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது. 1997-இல் ஒரு மீன்பிடிப் படகு வழக்கில் அதே நீதிமன்றம், முதல் உரிமையாளர் பிறகு சேர்த்த கருவிகளை "வேறு உடைமை" என்று ஒப்புக்கொண்டது. அதனால் பழைய படகு மூழ்கி, முந்தையவர் பொருத்திய கருவிகளும் போயிருந்தால் கணக்கே வேறு.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்கு விற்ற வணிகரைத்தான் பொறுப்பாக்குகிறது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அது கைகொடுக்காது. பிரான்சில் மறைந்த குறைக்கென்றே தனி வழக்குரிமை உண்டு. குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். விற்பனைச் சங்கிலியில் மேலேறி உற்பத்தியாளரையும் கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் இதுதான் நியாயமான ஏற்பாடு. வாங்கும்போது தோலைப் பிரித்தா பார்க்க முடியும்? வாங்குபவர் பார்க்கவே முடியாத இடத்தில் இருக்கும் குறைக்கு, வாங்கிய தேதியிலிருந்து கெடுவை எண்ணுவது அநியாயம்.

வாரண்டியையும் நம்பி உட்காராதீர்கள். "உடலுக்கு ஆயுட்கால உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் "முதல் உரிமையாளருக்கு மட்டும்" என்றிருக்கும். கைமாறும்போது பெயர் மாற்றக் கெடுவும் கட்டணமும் வைத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் படகின் பெயரை இப்போது வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. அவர்கள் பொறுப்பா?

பதில்: நிறுவனத்தையே பங்குகளோடு வாங்கியிருந்தால் பழைய கடனும் சேர்ந்தே வரும். பெயரையும் அச்சுகளையும் மட்டும் வாங்கியிருந்தால் பொதுவாக வராது. திவாலான கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் கைமாறுகின்றன.

கேள்வி: அப்படியானால் கம்பெனிக்கு எழுதுவதே வீணா?

பதில்: இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் பெயருக்காகச் சில கம்பெனிகள் இறங்கி வருகின்றன. எழுதும்போது வக்கீலை முதல் வரியில் நிறுத்தாதீர்கள். அடையாள எண், படங்கள், சர்வேயரின் ஒரு பக்க அறிக்கை, அதோடு ஒரே ஒரு கேள்வி: "இந்த மாடலில் இழை எத்தனை அடுக்கு, எந்த வரிசையில் போட்டீர்கள்?" பணம் தராவிட்டாலும் அந்தத் தகவல் கிடைத்தால் பழுதுபார்ப்புக்குப் பொன்னானது. உதவுகிறோம் என்று ஒரு தொகையோடு பத்திரம் அனுப்பினால் கையெழுத்திடுமுன் முழுவதும் படியுங்கள். இனி எந்தக் குறைக்கும் கேட்கமாட்டேன் என்ற வரி அதில் இருக்கும்.

கேள்வி: டிரான்ஸத்தில் வரிசையாகத் துளை போட்டு, நீர்த்த எப்பாக்ஸி ரெசினை ஊற்றிவிட்டால் மரம் கெட்டிப்படும் என்கிறார்களே?

பதில்: ஈர மரம் எப்பாக்ஸியைக் குடிக்காது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகும், மற்ற இடம் மக்கிக்கொண்டே இருக்கும். விற்கப்போகிறவர் செய்கிற வேலை இது. ஏறிப்போகப் போகிறவர் செய்யக்கூடாது.

கேள்வி: சரி, நானே டிரான்ஸத்தை மாற்றப்போகிறேன். வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் படகின் உருவத்தைப் பூட்டுங்கள். அடிப்பகுதி நெடுகத் தாங்கு கொடுத்து, மட்டம் பார்த்து, பக்கங்கள் விரியாதபடி குறுக்குச் சட்டம் அடியுங்கள். ஸ்ட்ரிங்கர்களையும் மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் உடல் தொய்ந்து, அந்தத் தொய்வோடே புது ஸ்ட்ரிங்கர் ஒட்டிக்கொள்ளும். பிறகு படகு வேகத்தில் மூக்கைக் குத்தும்.

படகின் மேல்மூடியான தளமேடையைக் கழற்ற முடிந்தால் உள்ளிருந்து செய்யுங்கள், வெளித்தோலும் பெயின்ட்டும் தப்பும். உள்தோலை ஓரத்தில் கையகலம் விட்டு வெட்டி எடுங்கள். மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலின் உட்பரப்பைப் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். புதிய இழை பழையதோடு சேரும் விளிம்பைச் சாய்வாக அரைக்க வேண்டும், தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு. 6 மில்லிமீட்டர் தோலென்றால் சாய்வு 72 மில்லிமீட்டர்.

நடுவில் வைக்க மரைன் பிளைவுட் போதும். மக்காத கலவைப் பலகையும் கிடைக்கிறது, விலை கூடுதல். மரமென்றால் எல்லா வெட்டுமுனைகளுக்கும் முன்கூட்டியே எப்பாக்ஸி பூசுங்கள். ஒட்டும்போது, கெட்டியாக்கிய எப்பாக்ஸியைப் பல்லுள்ள கரண்டியால் இரு பரப்பிலும் பரப்பி, போல்ட்டும் வாஷரும் கொண்டு இழுங்கள். விளிம்பெல்லாம் பசை பிதுங்கினால் போதும், அதற்குமேல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி ஒட்டு வறண்டுவிடும். ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் உள்ளே, இயக்கி டிரான்ஸம் வழியாக வெளியே) படகென்றால் மொத்தத் தடிமன் இன்ஜின் கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். மெர்க்ரூஸர் கம்பெனி இன்ஜினுக்கு 51 முதல் 57 மில்லிமீட்டர்.

ரெசினைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. புதிய படகை வார்க்கப் பாலியெஸ்டர் போதும். பழைய, காய்ந்த பரப்போடு ஒட்டுவதற்கு நான் எப்பாக்ஸியின் பக்கம். ஒன்று கவனம்: சாதாரண வெட்டிழை விரிப்பைக் கட்டியிருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. அதனால் தைத்த குறுக்கிழைத் துணியை வாங்குங்கள். காய்ந்த எப்பாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கைப் போட்டால், கம்பெனிக்காரர் செய்த அதே தவற்றை நீங்களும் செய்கிறீர்கள்.

கடைசியில் ஒவ்வொரு திருகுத் துளையையும் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் அதற்குள் சரியான அளவில் மறுதுளை போடுங்கள். முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அரைக்க இறங்காதீர்கள். பாலியெஸ்டரை இறுகவைக்கும் ஊக்கி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

கேள்வி: தரைக்குக் கீழே இருந்த நுரை ஈரமாகக் கனக்கிறது. எடுத்துவிட்டு அப்படியே விட்டால் எடை குறையுமே?

பதில்: ஈர நுரையை எடுங்கள், வெற்றாக விடாதீர்கள். 20 அடிக்குக் குறைவான வெளிஇன்ஜின் படகுகள் நீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, அந்த மிதப்பைத் தருவதே நுரைதான். உலர வைத்துத் திரும்பப் போடலாம் என்று நினைக்காதீர்கள், குடித்த தண்ணீரை அது சுலபத்தில் விடாது. திறந்து பார்க்குமுன் தெரிந்துகொள்ள வேண்டுமா? எடைமேடையில் டிரெய்லரோடு ஏற்றி, கம்பெனி சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். காரணம் சொல்ல முடியாத நூறு இருநூறு கிலோ இருந்தால் அது தண்ணீர்.

கேள்வி: வாங்குமுன் சர்வேயர் பார்த்துச் "சரி" என்றார். அவரைக் கேட்கலாமா?

பதில்: அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். "மூடியிருந்த பகுதிகளைத் திறந்து பார்க்கவில்லை" என்று நிச்சயம் இருக்கும். சுத்தியலால் தட்டினாலே தெரிந்திருக்கும் டிரான்ஸத்தைத் தட்டாமல் விட்டிருந்தால் வாதிடலாம். தரைக்குக் கீழே இருந்த ஸ்ட்ரிங்கருக்காக வாதிட முடியாது.

கேள்வி: இன்சூரன்ஸ்?

பதில்: மக்கலும் மறைந்த குறையும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. சில பாலிசிகள் அந்தக் குறையால் நேர்ந்த சேதத்துக்குத் தரும், குறைபட்ட பாகத்துக்குத் தராது. டிரான்ஸம் பிய்ந்து இன்ஜின் கடலுக்குள் போனால் இன்ஜினுக்குக் கிடைக்கலாம், டிரான்ஸத்துக்குக் கிடைக்காது.

கேள்வி: சரிசெய்த பிறகு விற்கும்போது இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், படங்களையும் ரெசின் வாங்கிய ரசீதுகளையும் சேர்த்தே கொடுங்கள். தெரிந்தே மறைத்த குறை, தனி ஆள் விற்றாலும் பின்னால் வழக்காக வரும். விவரம் தெரிந்த ஆள், திறந்தே பார்க்காத 18 வயது டிரான்ஸத்தைவிட, படத்தோடு கட்டிய புது டிரான்ஸத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்.