ராயல் தேசியப் பூங்கா: பெற்றோருடன் ஒரு பகல்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். எழுபதைக் கடந்த என் பெற்றோர் டிசம்பரில் திருச்சியிலிருந்து வருகிறார்கள். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையே, பக்கத்திலுள்ள ராயல் தேசியப் பூங்காவில் ஃபிகர் எய்ட் பூல்ஸ், வெட்டிங் கேக் ராக் இரண்டையும் காட்டிவிடலாமா?

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள். ஃபிகர் எய்ட் பூல்ஸ், படத்தில் பார்ப்பதுபோல் அமைதியான குளம் அன்று. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டில் உள்ள குழி. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டுமே அங்கு போக முடியும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் வற்றியிருக்கும்போதும் அலை பெரிதாக இருந்தால் அது திட்டு முழுவதன் மேலும் பாய்ந்து ஆளையே வாரிக்கொண்டு போகும் என்பதை அறியாமல் போய் அடிபட்டவர்கள் பலர். பூங்கா நிர்வாகம் இதற்கென்றே அலை அபாய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. போதாததற்கு, திரும்பும் வழி செங்குத்தான ஏற்றம். முதியவர்களின் முழங்காலுக்கு ஆகாது. வெட்டிங் கேக் பாறையோ, அடிப்பகுதி அரிக்கப்பட்டு உடைந்து விழக்கூடிய நிலையில் இருப்பதால் 2015 முதல் வேலியிடப்பட்டிருக்கிறது. வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதற்காக அவர்களை நெடுந்தூரம் நடக்க வைக்க வேண்டுமா?

அதே பூங்காவிலுள்ள வாட்டமொல்லா கடற்கரைக்குப் போங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து சற்று நடந்தால், ஓடை அருவியாக விழுந்து, கடற்கரை மணலுக்குப் பின்னே காயலாகத் தேங்கி நிற்பதைப் பார்க்கலாம். பெற்றோர் மர நிழலில் உட்கார்ந்திருக்க, நீங்கள் காயலில் கால் நனைக்கலாம். உயிர்காப்பாளர் காவல் அங்கு இல்லை என்பதால் கடலில் இறங்க வேண்டாம். அருவிப் பாறையிலிருந்து குதிப்பதும் தடைசெய்யப்பட்டது.

கோயிலை முதலில் வைத்துக்கொள்ளாதீர்கள். கோடை ஞாயிறுகளில் கார் நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால், விடிந்ததும் வாட்டமொல்லாவுக்குப் போய்விட்டு, பூங்காவின் தெற்கு எல்லையிலுள்ள ஆட்ஃபர்ட் வழியாக ஹெலன்ஸ்பர்க் வந்தால் மதியச் சாப்பாட்டைக் கோயில் கேன்டீன் தோசையோடு முடித்துக்கொள்ளலாம். (வேட்டி, சேலையைக் காரிலேயே வைத்திருங்கள், மணல் ஒட்டினால் லேசில் போகாது.) காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடைக்காது; குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, ரயிலில் க்ரோனல்லா போய், அங்கிருந்து அரைமணி நேரப் படகில், பூங்காவை ஒட்டிய பண்டீனா என்ற ஊருக்குப் போகலாம். சிறிது நடக்கத் தயாரென்றால், பக்கத்திலுள்ள ஜிப்பன் முனையில் தராவல் பழங்குடியினர் பாறையில் கோடாகச் செதுக்கிய திமிங்கலத்தையும் திருக்கையையும் பார்க்கலாம். உச்சிவெயிலில் அந்தக் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோதான் அவை எழுந்து நிற்கும்.

புறப்படும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1994 தீயில் பூங்காவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்துபோன வரலாறு உண்டு. காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். பெருமழை பெய்தாலோ ஆட்லி தடுப்பணைமேல் வெள்ளம் ஏறி, வடக்கிலிருந்து வரும் சாலை அடைபட்டுவிடும். அப்போது வாட்டர்ஃபால் பக்கமாகச் சுற்றித்தான் வரவேண்டும்.