மகன் வாசிக்கும் புத்தகங்களும் தகப்பனின் கொப்பியும்

கேள்வி: எங்கள் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கிறான். பகல் முழுவதும் வாசிப்புத்தான். ஆனால் எல்லாமே பணக்காரராவதற்கும் வெற்றியாளராவதற்கும் வழி சொல்லும் மொழிபெயர்ப்பு நூல்கள். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் தகப்பனைப் பார்த்து, "உங்களுக்கு இருப்பது ஏழை மனநிலை" என்று போன கிழமை சொல்லிவிட்டான். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர்தான் இந்தப் புத்தகங்களைக் கொடுக்கிறார். மூன்றை எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். வாசிப்பு ஒரு பிள்ளையின் குணத்தை இப்படி மாற்றுமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்றும். ஆனால் ஒரு புத்தகம் ஒரு பிள்ளையைத் தலைகீழாகப் புரட்டிவிடும் என்று நாம் அஞ்சுகிற அளவுக்கோ, நல்ல நூல் ஒன்றைக் கையில் கொடுத்தால் திருந்திவிடுவான் என்று நம்புகிற அளவுக்கோ அல்ல. 2013ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர், இலக்கியத் தரமான கதைகளைச் சிறிது நேரம் வாசித்தவர்கள் பிறருடைய கண்களைப் பார்த்தே அவர்களின் உணர்வை ஊகிப்பதில் சற்று மேம்பட்டிருந்ததாகச் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதியபோது, உலகெங்கும் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. சில ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. நெடுங்காலமாகக் கதைகளை வாசித்து வருபவர்கள் பிறர் மனதை அறிவதில் ஓரளவு தேறியவர்களாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். அங்கும், வாசிப்புத்தான் அவர்களை அப்படி ஆக்கியதா, அல்லது அத்தகைய மனமுள்ளவர்கள்தான் கதைகளைத் தேடிப் போகிறார்களா என்ற கேள்வி முற்றாகத் தீரவில்லை.

உங்கள் மகனைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடன், வட்டி, அடகு என்ற பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பணத்தைப் பற்றிப் பேசும் புத்தகத்தை எடுப்பதில் வியப்பில்லை. வீட்டில் யாரும் அவனிடம் விளக்காத ஒன்றை அந்தப் புத்தகம் விளக்குவதாகச் சொல்கிறது. ஆகவே அவற்றை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒன்றையாவது நீங்களே வாசித்துவிட்டு, அவனிடம் திருப்பிக் கொடுங்கள். பூட்டி வைக்கப்பட்ட புத்தகத்துக்கு அதன் தகுதிக்கு மேற்பட்ட மதிப்பு வந்துவிடும்.

வாசித்தால் ஒன்றைக் காண்பீர்கள். நேரத்தை ஒழுங்கு செய்வது, சேமிப்பது என்று பயனுள்ள செய்திகள் சில இருக்கும். குறை எங்கே இருக்கிறதென்றால், இந்த நூல்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன என்பதிலும், அந்தக் குரல் வென்றவனுடைய குரல் என்பதிலுமே. அதே வழியில் நடந்து போட்ட பணத்தை இழந்தவனிடம் யாரும் புத்தகம் எழுதித் தரும்படி கேட்பதில்லை. நாவல் வாசிக்கும்போது நமக்குப் பிடிக்காத மனிதனின் நியாயத்தையும் பக்கக்கணக்காகக் கேட்டிருக்க வேண்டியிருக்கிறது. இந்த நூல்களிலோ மனிதர் வென்றவர், தோற்றவர் என்று இரண்டே வகைதான். அவற்றை மட்டும் மாதக்கணக்கில் வாசிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் அந்த இரண்டில் ஒன்றில் சேர்க்கப் பழகிவிடுகிறான். முதலில் அகப்பட்டவர் தகப்பன்.

அந்தத் தகப்பனுடைய வயலையே எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது நமது பக்கத்து வட்டைகள் பலவற்றில் பெரும்போக விதைப்பு முடிந்திருந்தது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் நாடெங்கும் விழுந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பொருளாதாரமே சரிந்தது. இதில் எவருடைய மனநிலை எங்கே வருகிறது? வேறொரு நாட்டில், வேறொரு வாசகருக்காக எழுதப்பட்ட நூலில் இதற்கு இடமில்லை என்பது அந்த நூலாசிரியரின் குற்றமன்று. ஆனால் அதை வாசிக்கும் களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வேளாண்மை செய்பவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு கணக்குக் கொப்பி இருக்கும். உழவுக் கூலி, விதைநெல், கிருமிநாசினி, பசளை, வெட்டு மெஷினுக்குக் கொடுத்தது, அடகு வைத்த சங்கிலி, மீட்ட திகதி என்று ஒவ்வொரு போகமும் அதில் வரிவரியாக இருக்கும். உங்கள் கணவரிடமும் அப்படி ஒன்று இருந்தால், 2021 பெரும்போகப் பக்கங்களையும் அதற்கு முந்திய போகத்தின் பக்கங்களையும் மகனுக்குக் காட்டச் சொல்லுங்கள். புத்திமதி எதுவும் வேண்டாம். வரவு செலவைக் கூட்டிக் கழித்து, எந்த இடத்தில் வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்று அவனையே கேட்கட்டும். பணம் பற்றிய நூல்களை வாசித்த பிள்ளைக்குச் சொல்வதற்குப் பயனுள்ளதாக ஏதாவது இருக்கவும் கூடும். தகப்பனும் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

வாசிப்பைக் குறைக்காமல் அகலப்படுத்துவதுதான் அடுத்த வேலை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். மறைந்துபோன யாழின் அமைப்பைச் சிலப்பதிகார வரிகளிலிருந்து அவர் மீட்டெடுத்ததற்கு, அந்த வரிகளை நுணுகி வாசிக்கவும் நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் போடவும் ஒருவரே அறிந்திருந்தது காரணம். ஒரு துறையை மட்டும் வாசித்தவரால், அந்த ஆய்வைச் சொல்லும், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்ற நூலை எழுதியிருக்க முடியாது. உங்கள் மகன் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் படிக்கப் போகிறான் என்றாலும், பொது நூலகத்தில் ஓர் அங்கத்துவ அட்டை எடுத்துக் கொடுங்கள். முதலில் வரலாறும் வாழ்க்கை வரலாறும் எடுக்கட்டும். பணத்தில் ஆர்வமுள்ளவனுக்கு அவை அந்நியமாக இரா. பிறகு சிறுகதைகளுக்குத் தானாகவே வருவான். தொலைபேசியில்தான் வாசிப்பேன் என்றால், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்து வரும் நூலகம் தளத்தில் கிழக்கிலங்கை எழுத்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த அண்ணனைப் பற்றி. என்னை உண்மையில் யோசிக்க வைத்தது அந்த வரிதான். இத்தகைய நூல்களைக் கொடுத்துப் பழகி, பிறகு ஒரு கூட்டத்துக்கு அழைத்து, பணம் கட்டி ஆட்களைச் சேர்க்கச் சொல்வதும் நம் ஊர்களில் நடக்கிறது. புதியவர்களைச் சேர்ப்பதையே வருமான வழியாகக் கொண்ட பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ்த் தடை செய்யப்பட்டவை. அவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, என்ன தொழில் செய்கிறார், மகனை எங்காவது அழைத்திருக்கிறாரா என்று நேராகவே விசாரியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், வாசிக்கிற இளைஞர் ஒருவர் இன்னொரு பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கிறார் என்பது மகிழ வேண்டிய செய்தி. அவருடைய வீட்டில் வேறு வகை நூல்களும் இருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள்.