அடி கருகுகிறது, மேலே வேகவில்லை: விறகு நெருப்பில் பீட்சா

கேள்வி: கொடைக்கானலில் கூடாரம் அடித்துத் தங்கியபோது விறகு நெருப்பில் பீட்சா சுட்டோம். அடிப்பக்கம் கரியாகிவிட்டது, சீஸ் உருகவில்லை, நடுவில் மாவு பச்சையாகவே இருந்தது. கூடாரம் ஏற்பாடு செய்தவர், தான் விற்கும் பீட்சா கல்லை வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பீட்சா கடை அடுப்பில் தரையும் சுடும், வளைந்த கூரையும் சூட்டைக் கீழே இறக்கும். நேப்பிள்ஸ் பாணி விறகடுப்பில் சூடு 430 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால் ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். திறந்த நெருப்பில் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. கல் வைத்தாலும் மேலிருந்து சூடு வரப்போவதில்லை. தீயின் மேல் நேரடியாக வைத்தால் கல் விரிசல் விடவும் கூடும்.

மாவை முதலில் வெறுமனே சுடுங்கள். சுவாலை அடங்கிக் கங்குகளின் மேல் வெண்சாம்பல் பூக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் அடி கருகுகிறது. வீட்டு இரும்புத் தோசைக்கல் போதும். மெல்லியதாகத் தட்டிய மாவைப் போட்டு, அடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் திருப்புங்கள். வெந்த பக்கத்தின் மேல் சாஸை மிகக் குறைவாகத் தடவி, துருவிய சீஸைத் தூவி, மூடி போடுங்கள். வெங்காயம், குடைமிளகாய், கோழி எதுவானாலும் முன்பே வதக்கியோ வேகவைத்தோ எடுத்துச் செல்லுங்கள். அந்த நேரத்துக்குள் பச்சைக் கோழி வேகாது.

திருப்பாமலே சுடவும் ஒரு வழி உண்டு. தம் பிரியாணிக்குச் செய்வதுபோல மூடியின் மேலும் தணலைப் போடுவதுதான் அது. ஆனால் அதற்குக் கனமான வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும். மூடியும் வார்ப்பிரும்பாகவே இருக்க வேண்டும். குமிழ் மூடியானால் கங்குகள் சரிந்துவிடும், ஆகவே தட்டையானதாக, ஓரத்தில் விளிம்பு எழும்பியதாகப் பாருங்கள். கங்கில் இரண்டு பங்கு மூடியின் மேல், ஒரு பங்கு சட்டிக்கு அடியில். மூடியைத் தனியே சூடாக்கிக்கொண்ட பிறகே பீட்சாவை உள்ளே வைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் திருப்பிப் போடுகிற முறைக்கே வந்துவிடுங்கள். நான்ஸ்டிக் சட்டி மட்டும் கூடவே கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதைந்து நச்சுப்புகை விடத் தொடங்கும். தணல் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும்.

கல்லை விற்க வருகிறவர் விறகையும் விற்பார் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டு கட்டாகத் தருவதைப் பிரித்துப் பாருங்கள். ஒட்டுப்பலகைத் துண்டு, பெயின்ட் அடித்த சட்டம், ரசாயனம் ஏற்றிய பலகை எதுவும் உணவுக்கு அடியில் எரியக் கூடாது. ஈர விறகு புகையும், தணலாகாது. நன்கு காய்ந்த சவுக்கோ புளியோ கேட்டு வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று இடத்தில் நடக்கிறது. ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்று பணம் வாங்கிக்கொண்டு காப்புக்காட்டின் ஓரத்தில் கூடாரத்தைப் போட்டுவிடுகிறார்கள். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். வனத்துறையினர் வந்தால் தரகர் இருக்கமாட்டார், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தனை பேரை இழந்த பிறகும், பட்டா நிலம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் புரியும்படி எல்லா இடத்திலும் ஒரு பலகை நட முடியாதா? அதைக் கண்டறியும் பொறுப்பைப் பயணியின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

முன்பணம் அனுப்பும் முன் இடத்தின் பட்டா எண்ணைக் கேளுங்கள், வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். எண் தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். சுட்டு முடித்ததும் கங்கைக் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றுங்கள், தொட்டால் குளிரும்வரை. குளிருக்கென்று தணல் சட்டியைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.