பழைய பண்ணை வீட்டை அப்படியே பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்க முடியுமா?

முடியும். ஸ்டாக்ஹோமில் ஆர்தூர் ஹசேலியஸ் 1891-இல் திறந்த ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகமே சான்று. சுவீடனின் பழைய பண்ணை வீடுகள் பலவும் மரத்தடிகளைக் கிடையாக அடுக்கிக் கட்டியவை. மூலைகளில் வெட்டுக் கொடுத்து, தடிகளை ஒன்றையொன்று கவ்வவிட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு தடியிலும் எண் குறித்து, மேலிருந்து கழற்றி, புது இடத்தில் அதே வரிசையில் அடுக்கினால் வீடு எழுந்துவிடும். ஆனாலும் பிறந்த மண்ணிலேயே நிற்பதுதான் வீட்டுக்கு அழகு. இடிபடப் போகிறது என்றால் மட்டுமே பெயர்க்கலாம் என்பேன்.

ஸ்கான்சென் போனால் புல் வளர்ந்த மண்கூரையின் விளிம்பை அருகில் பாருங்கள். பலகைமேல் நீர் இறங்காத பிர்ச் மரப்பட்டை அடுக்கு, அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண். அந்த மண்ணின் கனம்தான் பட்டையைச் சுருளவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது.