ராஸ்பெரி பை பலகை மதியத்தில் வேகம் குறைகிறது; பெட்டிக்குள் விசிறி பூட்டலாமா?

கடையின் மேற்குச் சுவரில், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ராஸ்பெரி பை 4 பலகையை (உள்ளங்கை அளவான சிறு கணினி) வைத்துக் கண்காணிப்புக் கமராக்களை இயக்குவதாகவும், பிற்பகலில் அதன் வேகம் குறைவதால் விசிறி பூட்ட எண்ணுவதாகவும் எழுதியுள்ளீர்கள். யாழ்ப்பாணத்தில் இத்தகைய பலகைகளைப் பொருத்திக் கொடுப்பவன் என்ற முறையில், பூட்ட வேண்டாம் என்பேன். மூடிய பெட்டிக்குள் சுழலும் விசிறி, பலகையில் கணிப்பு வேலையைச் செய்யும் சில்லான செயலியின் சூட்டைப் பெட்டி முழுவதும் பரப்புமே தவிர, வெளியே அனுப்பாது. துளையிட்டால் காற்று வரும். ஆனால் சோழகம் வீசும் மாதங்களில் புழுதியும், கரையோரமானால் உப்பும் கூடவே வரும்.

முதலில், காரணம் சூடுதானா என்று உறுதி செய்யுங்கள். மின்சாரம் கொடுக்கும் வயர் மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருப்பதால் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினாலும் இதே பலகை வேகத்தைக் குறைக்கும். வெப்பத்தால் என்றால், 80 பாகை செல்சியசில் செயலி தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கி, 85 இல் படங்களைக் கையாளும் வரைகலைப் பகுதியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

செயலியின் வெப்பநிலை என்பது சுற்றுக் காற்றின் வெப்பநிலையும், செலவாகும் வாட்டுக்கு ஏற்ப அதன்மேல் ஏறும் உயர்வும் சேர்ந்த தொகை. உங்கள் பெட்டியில் ஒரு வாட்டுக்கு 8 பாகை உயர்கிறது என வைத்துக்கொண்டால், 5 வாட்டுக்கு 40 பாகை; காலையில் வெளிக்காற்று 30 ஆக இருக்கையில் செயலி 70 இல் நிற்கும், தகரத்தடியில் காற்று 45 ஆகும் பிற்பகலிலோ அதே வேலைக்கு 85 ஐத் தொட்டுவிடும். பலகை தாங்குமென்று உற்பத்தியாளர் குறிப்பிடும் சுற்று வெப்பநிலையே 50 பாகைதான்.

ஆகவே அந்த 8 ஐக் குறைக்க வேண்டும். பிளாஸ்ரிக்கைவிட அலுமினியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், அலுமினியப் பெட்டியொன்றை வாங்கி, செயலிக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையில் இடைவெளியே இல்லாதபடி தேர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தென்ற மெல்லிய தகடு) வைத்து அழுத்திப் பூட்டுங்கள். இடையில் மயிரிழை அளவு காற்று நின்றாலும் பயன் பெரிதும் குறைந்துவிடும். உலோகப் பெட்டிக்குள் வைபை பலவீனமாகும். வயர் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, வாட்டையே குறைக்கலாம். மின்செலவு செயலியின் அதிர்வெண்ணோடும் (அது வேலை செய்யும் வேகம்) மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவதால், அதிர்வெண்ணில் 20 வீதத்தையும் மின்னழுத்தத்தில் 10 வீதத்தையும் குறைத்தால் செயலி கக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அசைவைக் கண்டறிய முழுத் தெளிவுள்ள படம் தேவையுமில்லை. கமராக்கள் தரும் சிறிய துணைப் படத்தை அதற்குக் கொடுத்து, முழுப் படத்தைப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து கட்டாயம் எடுங்கள். வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நம்பிவிடவும் வேண்டாம்: ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கடைக்குள் தரையை அண்டிய உட்சுவரே நல்லது. மாற்றியபின் பிற்பகல் இரண்டு மணியளவில் எல்லாக் கமராக்களையும் ஓடவிட்டு, ஒரு மணிநேரம் கழித்துச் செயலியின் வெப்பநிலையை அளவெடுங்கள். அலுமினியம் சூடேற நேரமெடுக்கும் என்பதால் முதற் பத்து நிமிட அளவை நம்ப முடியாது.